கரையில் பெண், கடலில் ஆண்

ஒரு தொழிலில் இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்களாகவோ, ஏறக்குறைய எல்லோரும் பெண்களாகவோ இருந்தால் அதைத் தொழிலில் பாலினப் பிரிவு என்பார்கள். இது இரண்டு விதமாக நடக்கும். லாரி ஓட்டுவது ஆண், இறால் உரிப்பது பெண் என்று தொழிலே வேறுவேறாகிவிடுவது ஒரு விதம். இதைப் பக்கவாட்டுப் பிரிவு எனலாம். ஒரே தொழிலுக்குள் கூலியும் அதிகாரமும் கூடிய படியில் ஆணும், அதற்குக் கீழ்ப்படியில் பெண்ணும் நிற்பது இன்னொரு விதம். இது மேல்கீழ்ப் பிரிவு. இரண்டையும் பார்க்க வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலை ஒட்டிப் போகும் சாலை பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. கப்பல் துறைமுகம், மீன்பிடித் துறைமுகம், லாரி ஆலை, டயர் ஆலை, சுத்திகரிப்பு நிலையம், அனல்மின் நிலையம், கழிமுகம் என்று எல்லாம் அந்த வட்டாரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. யார் எந்த வேலையில் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் போதும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நள்ளிரவு தாண்டியதுமே நாள் தொடங்கிவிடும். ஊர்க்காரர்கள் 'லாஞ்சு' என்று சொல்லும் விசைப்படகுகள் வந்து அணையும். படகின் டிரைவர், வலை இழுப்பவர், ஐஸ் ஏற்றுபவர், பெட்டி தூக்குபவர், ஏற்றுமதிக்கு எடுக்கும் மொத்த வியாபாரி, லாரிக்காரர் என இந்தப் பக்கம் ஆண்களால் நிறைந்தது. மீன் தரையில் கொட்டப்பட்டதும் பெண்களின் பக்கம் தொடங்குகிறது. தரம் பிரிப்பவர், ஏலத்தில் கூடைக்கணக்கில் எடுப்பவர், அரிவாள்மனையில் வெட்டிக் கொடுப்பவர், நெத்திலியைக் காயவைத்துக் கருவாடாக்குபவர், அன்னக்கூடையோடு தெருத்தெருவாகப் போய் விற்பவர் எல்லாம் பெரும்பாலும் பெண்கள். 2005ஆம் ஆண்டின் கடல் மீனவர் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் மீன் விற்பனையில் இருந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். காயவைத்துப் பதப்படுத்துவதிலும் இறால் உரிப்பதிலும் அவர்கள் பங்கு இன்னும் அதிகம்.

இந்தக் கோடு ஆதியிலிருந்தே இப்படியே கிடக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. கட்டுமரக் காலத்தில் மீன் நேராகக் குப்பத்து மணலில் வந்து இறங்கியது. இறக்கியவர் கணவர், மகன், தம்பி என்று உறவுக்காரர். கரையில் அதை வாங்கி விலை பேசி விற்றுக் காசாக்கும் பொறுப்பு வீட்டுப் பெண்ணுடையது. குடும்பத்தின் பணம் அவர் மடியில் இருந்தது. விசைப்படகு வந்ததும், 1980-களில் காசிமேட்டுத் துறைமுகம் பயன்பாட்டுக்கு வந்ததும் அந்தக் கணக்கு மாறியது. மீன் கூடைக்கணக்கிலிருந்து டன் கணக்குக்குப் போனது. இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை வந்தது. ஒரு படகுச் சரக்கை மொத்தமாக எடுக்க லட்சக்கணக்கில் முதல் வேண்டும், லாரி வேண்டும், ஐஸ் அறை வேண்டும். அந்த முதல் ஆண் வியாபாரிகளிடம்தான் இருந்தது. மீனை உரிமையோடு பெற்றுக்கொண்டிருந்த பெண், அதே மீனை ஏலத்தில் போட்டியிட்டு வாங்க வேண்டியவரானார். அன்றன்றைக்குத் தண்டலுக்குப் பணம் வாங்கி, மீன் விற்று, மாலையில் வட்டியோடு திருப்பிக் கட்டும் வாழ்க்கை அப்படி வந்ததுதான். ஏலம் கூறும் பெண்கள் இன்றும் காசிமேட்டில் இருக்கிறார்கள். பெரிய சரக்கின் ஏலம் அவர்கள் கையில் இல்லை.

தெற்கே கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் இதே மாற்றம் வேறொரு வடிவில் நடந்தது. அங்கே வலை பின்னுவது பெண்களின் கைத்தொழிலாக இருந்தது. நைலான் வலையை இயந்திரத்தில் பின்னும் ஆலைகள் வந்ததும் ஆயிரக்கணக்கான வீடுகளில் அந்த வருமானம் நின்றுபோனது. புதுக் கருவி ஒன்று வரும்போது யாருடைய கையிலிருந்து எந்த வேலை போகிறது, போன வேலை புது வடிவில் யாருடைய கைக்கு வருகிறது என்பதைக் கவனித்தால் பாலினப் பிரிவு எப்படி உண்டாகிறது என்பதில் பாதி விளங்கிவிடும்.

கடலுக்குப் பெண் போகக் கூடாது என்பதற்கு உடல்வலு, தீட்டு, ஆபத்து என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. தென்கொரியாவின் ஜேஜு தீவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலில் மூழ்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுத்துவருபவர்கள் பெண்கள். ஹேன்யோ எனப்படும் அவர்களில் பலர் அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்கள். 2016-இல் யுனெஸ்கோ இந்த வழக்கத்தை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டிலேயே மன்னார் வளைகுடாவில், ராமேசுவரம் பக்கத்துத் தீவுகளைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள் மீனவப் பெண்கள். அதே வளைகுடாவில் முத்துக்குளிப்பு ஆண்களின் தொழிலாக இருந்தது. ஒரே கடல், ஒரே மூச்சு. முத்துக்கு ஒரு விலை, பாசிக்கு ஒரு விலை என்பதுதான் வேறுபாடு.

எண்ணூர்க் கழிமுகத்திலும் பெண்கள் நீருக்குள் இறங்கி வேலை செய்தவர்களே. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் அந்த இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்று சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதும் மட்டி எடுப்பதும் படகில்லாத குடும்பங்களுக்கும் இருளர் மக்களுக்கும் வாழ்வாதாரம். படகு வேண்டாம், வலை வேண்டாம் என்பதால் பெண்ணுக்கு யாரையும் எதிர்பார்க்காமல் காசு தந்த வேலை அது. அனல்மின் நிலையச் சாம்பலும் சுடுநீரும் சேர்ந்து கழிமுகத்தை ஆழம் குறைத்துப் பாழாக்கியபோது முதலில் அடிபட்டதும் கையால் பிடிப்பவர்கள்தான். படகுள்ளவர் இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம்; கையால் தடவுபவர் எங்கே போவார்? 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோதும் படகும் வலையும் கண்ணுக்குத் தெரிந்த சேதங்கள். விற்க மீனில்லாமல் நின்ற பெண்ணின் நாட்கள் எண்ணிக் காட்ட முடியாத சேதம். சற்று வடக்கே பழவேற்காட்டில் ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' முறை இருக்கிறது. பலரும் பாராட்டும் நேர்த்தியான ஏற்பாடு அது. அதில் பங்கு பெறும் 'தலைக்கட்டு', அதாவது குடும்பத் தலைவர், ஆண்தான்.

இனி ஆலைகள். 1946-இல் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் திருவொற்றியூரில் தொடங்கியது எம்.ஆர்.எஃப். 1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்தது. 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் திருவொற்றியூருக்கு வந்தது. விம்கோ நகர் என்ற பெயர் தீப்பெட்டித் தொழிற்சாலையால் வந்தது. மணலியில் 1969-இல் எண்ணெய் சுத்திகரிப்பு தொடங்கியது. உர ஆலையும் அதன் அருகிலேயே எழுந்தது. இந்த ஆலைகளில் கிடைத்த 'பர்மனன்ட்' வேலை வடசென்னையின் ஒரு தலைமுறையைக் குடிசையிலிருந்து ஓட்டு வீட்டுக்கும், ஓட்டு வீட்டிலிருந்து மாடி வீட்டுக்கும் ஏற்றியது. பி.எஃப்., போனஸ், கேன்டீன், பிள்ளைகளுக்குப் படிப்பு எல்லாம் அந்த ஒரு வேலை அட்டையோடு வந்தன. அந்த அட்டை ஏறக்குறைய முழுக்க ஆண்களின் பாக்கெட்டில் இருந்தது.

ஏன் அப்படி என்பதற்குச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். 1919-இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, தொழிற்சாலைகளில் பெண்களின் இரவு வேலையைத் தடை செய்யும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. விடுதலைக்குப் பிறகு வந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம், 66ஆம் பிரிவில், காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் ஆலையில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்றது. ஓடும் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவது, பஞ்சு பிரிக்கும் இயந்திரத்துக்கு அருகில் வேலை செய்வது போன்றவற்றையும் பெண்களுக்கு மறுத்தது. எழுதியவர்களின் நோக்கம் நல்லது. பதினான்கு மணி நேரம் பெண்களையும் குழந்தைகளையும் பிழிந்த பஞ்சாலைகளைப் பார்த்து எழுதப்பட்ட சட்டம் அது. ஆனால் மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையில் இரவு ஷிப்டுக்கு வர முடியாதவரை எந்த மேலாளர் எடுப்பார்? குழந்தைக் காப்பகம் கட்ட வேண்டிய செலவும் பேறுகால விடுப்புச் சம்பளமும் பெண்ணை வேலைக்கு வைக்கும் முதலாளியின் கணக்கில் மட்டுமே ஏறின. ஆணை எடுத்தால் அந்தச் செலவு இல்லை. பாதுகாப்புக்காகப் போட்ட வேலி, வெளியே நிறுத்தும் வேலியாகிவிட்டது.

அந்த வேலி எல்லா இடத்திலும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காசிமேட்டு ஏலத்துக்குக் கூடையோடு நள்ளிரவில் வீட்டைவிட்டுக் கிளம்பும் பெண்ணை எந்தச் சட்டமும் தடுத்ததில்லை. ஸ்டான்லி மருத்துவமனையில் இரவு டியூட்டி பார்க்கும் செவிலியரை யாரும் வீட்டுக்குப் போகச் சொன்னதில்லை. பெண்ணுக்கு இரவு ஆபத்தானது என்ற கவலை, நல்ல சம்பளமும் பணிப் பாதுகாப்பும் இருந்த ஆலை வாசலில் மட்டுமே வலுவாக எழுந்தது. சுரங்கங்களின் வரலாறு இதைவிடத் தெளிவானது. இந்தியச் சுரங்கங்களில் நிலத்தடியில் பெண்கள் வேலை செய்வது 1929-இல் வந்த விதிகளால் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1930-களின் இறுதிக்குள் நிறுத்தப்பட்டது. உலகப்போரில் நிலக்கரி அதிகம் தேவைப்பட்டபோது 1943-இல் அந்தத் தடை விலக்கப்பட்டது; போர் முடிந்ததும் 1946-இல் மறுபடியும் போடப்பட்டது. அந்தச் சில வருடங்களில் பெண்ணின் உடல் மாறிவிடவில்லை.

தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு போட்ட இரவுத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆலைப் பெண் தொழிலாளர்களும் சேர்ந்து தொடுத்த வழக்கு அது. போக்குவரத்து, ஓய்வறை, பாதுகாப்பு போன்ற நிபந்தனைகளோடு இரவு வேலைக்கு நீதிமன்றம் வழிவிட்டது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, எல்லா நிறுவனங்களிலும் எல்லா வகை வேலைகளிலும் பெண்கள் சேரலாம் என்றும், அவர்கள் சம்மதித்தால் இரவிலும் வேலை செய்யலாம் என்றும் சொல்கிறது. சட்டம் மாறுவதற்குள் வடசென்னையின் பெரிய ஆலைகள் நிரந்தர வேலைக்கு ஆள் எடுப்பதைக் குறைத்துக் கான்ட்ராக்ட் முறைக்குப் போய்விட்டன. கதவு திறந்த நேரத்தில் உள்ளே இருந்த நாற்காலிகள் குறைந்துவிட்டன.

சட்டம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் பிரிவுகளில் பையன்களும், தையல், கணினி இயக்கம் போன்றவற்றில் பெண்களும் சேருவது பள்ளி முடிந்ததுமே தொடங்கிவிடுகிறது. அப்ரண்டிஸ் எடுக்கும்போது ஆலைகள் கேட்பது முதல் வகைச் சான்றிதழை. அடுத்து, அப்பா வேலை பார்த்த இடத்தில் மகனுக்கு வாய்ப்புக் கேட்கும் வழக்கம். தொழிற்சங்கங்களும் இதை உரிமையாகக் கேட்டு வாங்கின. மகளுக்காக அதே உரத்த குரல் எழவில்லை. 1918-இல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பெற்றெடுத்தது பெரம்பூரின் பின்னி ஆலைகளைச் சுற்றிய வடசென்னைதான். அந்தப் பெருமையோடு இந்தக் குறையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சங்க விதியே நேரடியாகக் கதவை அடைத்த சம்பவமும் இந்தியாவில் உண்டு. திரைப்படத் துறையில் முக ஒப்பனைக் கலைஞராக ஆண்கள் மட்டுமே இருக்கலாம், பெண்களுக்குச் சிகை அலங்காரம் போதும் என்ற சங்கக் கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2014-இல்தான் ரத்து செய்தது.

தமிழ்நாட்டில் ஆலை வேலையில் பெண்களே இல்லை என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வேறு எந்த மாநிலமும் இதற்கு அருகில் இல்லை. அவர்கள் திருப்பூரின் பின்னலாடையிலும், கோவை, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளிலும், ஆம்பூரின் காலணியிலும், ஸ்ரீபெரும்புதூரின் செல்போன் ஆலைகளிலும் இருக்கிறார்கள். சென்னையின் வடக்கே இரும்பும் எண்ணெயும். தென்மேற்கே மின்னணுச் சில்லுப் பலகை. வடக்கே ஆண், தென்மேற்கே பெண். மின்னணு ஆலைகள் கிராமங்களிலிருந்து இருபது வயதுப் பெண்களைத் தேடிப்பிடித்து அழைத்துவந்து விடுதியில் தங்கவைக்கின்றன. விரல் நுணுக்கம், பொறுமை என்று காரணம் சொல்கிறார்கள். அதே நுணுக்கம் தேவைப்படும் கடிகாரப் பழுதும் நகைப் பட்டறையும் ஆண்களின் தொழிலாகவே இருப்பதை இந்த விளக்கம் தொடுவதில்லை. குறைந்த சம்பளத்துக்கு வருவார்கள், சங்கம் வைக்கமாட்டார்கள், கல்யாணம் ஆனதும் தாமாகவே நின்றுவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு இந்த விருப்பத்துக்குள் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு மின்சார ஸ்கூட்டர் ஆலை 2021-இல் முழுக்கப் பெண்களைக் கொண்டே இயங்கும் என்று அறிவித்தபோது பெரிய பாராட்டு கிடைத்தது. வெல்டிங்கும் பெயின்டிங்கும் பெண்கள் கைக்கு வருவது நல்லதே. ஆனாலும் பெண்கள் மட்டும் என்ற ஆலையும் ஆண்கள் மட்டும் என்ற ஆலையைப் போலவே பிரிந்த ஆலைதான்.

மேல்கீழ்ப் பிரிவுக்குக் கட்டட வேலையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எழும்பும் எந்தக் கட்டடத்தின் முன்னும் கரண்டி பிடித்துச் செங்கல் வைப்பவர் கொத்தனார், அவர் ஆண். கல்லும் மணலும் கலவையும் தலையில் சுமந்து மூன்று மாடி ஏறுபவர் சித்தாள். அவர் பெரும்பாலும் பெண். சித்தாளாகச் சேரும் பையன் சில வருடங்களில் கரண்டி பிடித்துக் கொத்தனாராகிவிடுவான். இருபது வருடம் கலவை சுமந்த பெண் சித்தாளாகவே வேலையைவிட்டுப் போவார். பெண்ணுக்கு வலு போதாது என்ற வாதம் இந்த இடத்தில் முற்றிலும் பொய்த்துவிடுகிறது. பாரம் சுமப்பவர் அவர், கரண்டி பிடிப்பவர் ஆண். இதையே அமெரிக்காவோடு ஒப்பிட்டால் வேறு விதமாகத் தெரியும். அங்கே கட்டடத் தளத்தில் கருவி பிடித்து வேலை செய்பவர்களில் நூற்றுக்கு நான்கு பேர்தான் பெண்கள். இந்தியாவில் பெண் தளத்துக்குள் இருக்கிறார், படியில் ஏறுவதில்லை. அமெரிக்காவில் தளத்துக்குள்ளேயே வருவதில்லை.

சம ஊதியச் சட்டம் 1976-இல் வந்தது. ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது அதன் சாரம். துறைமுகத் தொழிலோடு தொடர்புடைய ஒரு வழக்கில் அது நன்றாகவே பயன்பட்டது. மெக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் நிறுவனத்தில் பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம் தரப்பட்டது. இருவரும் செய்வது ஒரே வேலைதான் என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பக்கத்துப் பக்கத்து மேசையில் ஒரே வேலை செய்தவர்களுக்குத்தான் இந்தச் சட்டம் கைகொடுத்தது. கொத்தனாரும் சித்தாளும் வேறு பெயர், வேறு வேலை. ஒப்பிட ஆள் இல்லை. பிரிவு எவ்வளவு முழுமையாக இருக்கிறதோ அவ்வளவுக்குச் சட்டத்தின் கை எட்டாமல் போகிறது. இலங்கையின் மலையகத் தோட்டங்களிலும் இதைக் காணலாம். கொழுந்து பறிப்பவர்கள் தமிழ்ப் பெண்கள். கங்காணி வேலையும் தொழிற்சாலை இயந்திரமும் ஆண்களின் இடம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாள் கூலி என்பது அங்கே 1984-இல்தான் வந்தது. கூலி சமமான பிறகும் பறிப்பது பெண்ணாகவும் கண்காணிப்பது ஆணாகவும் நீடித்தது.

இந்தியாவில் சாதியை விட்டுவிட்டு இந்தப் பேச்சு முழுமையாகாது. சென்னை மாநகராட்சியின் தெருக்களைத் துடைப்பம் பிடித்துப் பெருக்குபவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள்; குப்பை லாரியை ஓட்டுபவர்கள் ஆண்கள்; பாதாளச் சாக்கடையில் இறங்கி உயிர்விடுபவர்களும் ஆண்கள், அதே சமூகத்து ஆண்கள். பாலினம் பெண்ணைத் தெருவிலும் ஆணைக் குழியிலும் நிறுத்துகிறது. சாதி இருவரையும் குப்பையோடு நிறுத்துகிறது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் 13 நாட்கள் உட்கார்ந்தார்கள். அவர்களில் பெண்களே அதிகம். பணி நிரந்தரம் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. அவர்கள் கேட்டது, பக்கத்துத் திருவொற்றியூர் ஆலைகள் ஒரு தலைமுறைக்கு முன்பு ஆண்களுக்குக் கொடுத்த அதே 'பர்மனன்ட்' அட்டையைத்தான்.

நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட அறிஞர்கள் ஒரு அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர்களான டங்கன் தம்பதி 1955-இல் அறிமுகப்படுத்தியது அது. கற்பனையாக ஒரு குப்பத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே 100 ஆண்கள், 100 பெண்கள். ஆண்களில் 80 பேர் படகில், 20 பேர் மார்க்கெட்டில். பெண்கள் 100 பேரும் மார்க்கெட்டில். இரண்டு பாலாரும் எல்லா வேலையிலும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டுமானால் பெண்களில் 80 பேர் படகுக்கு மாற வேண்டும். அந்த 80 தான் குறியீடு. பூஜ்யம் என்றால் பிரிவே இல்லை. 100 என்றால் முழுப் பிரிவு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காக ரிச்சர்டு ஆங்கர் 41 நாடுகளை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட நூல் இந்தத் துறையில் முக்கியமானது. உலகத் தொழிலாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், ஒரே பாலினத்தவர் 80 சதவீதத்துக்குக் குறையாத தொழில்களில் இருக்கிறார்கள் என்று அவர் கண்டார். பிரிவு மிக அதிகமாக இருந்தது மத்திய கிழக்கிலும் வட ஆப்பிரிக்காவிலும். ஓரளவு குறைவாக இருந்தது ஆசியாவில். பலரை வியக்கவைத்தது வேறொன்று. பெண்ணுரிமையில் முன்னோடிகளான சுவீடன், நார்வே, பின்லாந்து போன்ற நாடுகளில், மற்ற பணக்கார நாடுகளைவிடப் பிரிவு கூடுதலாக இருந்தது.

இதற்கு விளக்கம் உண்டு. முதியோரைப் பார்த்துக்கொள்வது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது ஆகிய வேலைகளை அந்த நாடுகளில் அரசு ஏற்று நடத்துகிறது. வீட்டுக்குள் கூலியில்லாமல் செய்த அதே வேலையைப் பெண்கள் வெளியே சம்பளத்துக்குச் செய்யத் தொடங்கினார்கள். அந்தத் தொழில்கள் பெண்களால் நிரம்பின. குறியீட்டில் பிரிவு கூடியது. இந்தியாவில் அதே வேலையை மருமகள் கூலியில்லாமல் வீட்டில் செய்கிறார். அது தொழில் பட்டியலிலேயே வருவதில்லை, ஆகவே கணக்கில் பிரிவாகவும் தெரிவதில்லை. இன்னொன்று, இந்தியாவில் வேலை பார்க்கும் பெண்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் விவசாயத்தில் இருக்கிறார்கள். அங்கே ஆண்களும் இருப்பதால் இருவரும் ஒரே தொழிலில் சேர்ந்திருப்பதாகக் குறியீடு காட்டும். உழுவது யார், நாற்று நடுவது யார் என்று வயலுக்குள் போய்ப் பார்த்தால்தான் கோடு தெரியும். ஆகவே குறியீடு குறைவு என்பதைக் கொண்டு ஆசியப் பெண்ணின் நிலை மேல் என்று முடிவு செய்தால் அது தவறு.

ஒரே தொழில் ஒரு நாட்டில் ஆணுடையதாகவும் இன்னொரு நாட்டில் பெண்ணுடையதாகவும் இருப்பது, இந்தக் கோடுகள் இயற்கை போட்டவை அல்ல என்பதற்கு நல்ல ஆதாரம். சோவியத் ஒன்றியத்தில் மருத்துவர்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் பெண்கள். அங்கே மருத்துவரின் சம்பளம் ஆலைத் தொழிலாளியின் சம்பளத்தைத் தாண்டாத நிலை இருந்தது. அமெரிக்காவில் எனியாக் கணினிக்கு முதன்முதலில் நிரல் எழுதியவர்கள் ஆறு பெண்கள். அப்போது அது எழுத்தர் வேலை போலக் கருதப்பட்டது. பின்னாளில் அந்த வேலைக்கு மதிப்பும் சம்பளமும் ஏற ஏற ஆண்கள் அதில் பெருகினார்கள். வேலையில் பெண்கள் சேர்ந்ததால் கூலி இறங்கியதா, கூலி இறங்கியதால் பெண்களுக்கு விடப்பட்டதா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே நடக்கிறது. காசிமேட்டின் அனுபவம் ஒரு பதில் தருகிறது. அங்கே முதலில் பணம் வந்தது, பிறகு ஆண்கள் வந்தார்கள்.

கோடு சில இடங்களில் பின்வாங்கியிருக்கிறது. அரசு வேலைகளில் பெண்களுக்கு 30 சதவீத இடஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்தது. பின்னர் அது 40 சதவீதமாக உயர்த்தப்பட்டது. காவல் துறை, வருவாய்த் துறை, பள்ளி என்று பல இடங்களில் பெண்களைச் சாதாரணமாகப் பார்க்க முடிவதற்கு இது பெரிய காரணம். 1993-இல் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஓட்டுநராகச் சேர்ந்தார். சென்னை மெட்ரோவின் முதல் ரயிலை 2015 ஜூன் 29 அன்று ஆலந்தூரிலிருந்து ஓட்டிச் சென்றவர் ஒரு பெண். அந்த மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது. ஆண்களுக்கான ஊர் என்று எண்ணப்பட்ட ஆலைப் பகுதிக்குள் இன்று ரயில் ஓட்டிவருபவர்களில் பெண்களும் உண்டு. புதிதாகத் தொடங்கும் துறையில் பழைய வாரிசு முறையும் பழைய வழக்கமும் இல்லாததால் அங்கே நுழைவது எளிதாக இருக்கிறது. எழுபது வருடப் பழைய ஆலையில் அது இவ்வளவு எளிதில் நடக்கவில்லை.

கப்பல் தொழில் இன்னும் தொலைவில் இருக்கிறது. 2021-இல் வெளியான சர்வதேச அறிக்கையின்படி உலகின் கப்பல் பணியாளர்களில் பெண்கள் 24,059 பேர். மொத்தத்தில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவைச் சற்றே தாண்டியது அது. சென்னையைச் சேர்ந்த ரேஷ்மா நிலோஃபர் நாஹா 2018-இல் இந்தியாவின் முதல் பெண் துறைமுக பைலட் ஆனார். வரும் கப்பலில் ஏறி, ஆழமும் நீரோட்டமும் அறிந்து அதைத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கும் வேலை அது. அவர் பணியில் சேர்ந்தது கொல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றில்.

திருவொற்றியூர்க் குப்பத்தில் 2025-இல் சூரை மீன்பிடித் துறைமுகம் திறக்கப்பட்டது. சூரை ஆழ்கடல் மீன். பெரிய படகு, பல நாள் பயணம், குளிர்ப்பதனம், ஏற்றுமதி என்று அதன் பாதை நீளமானது. காசிமேட்டில் நாற்பது வருடங்களுக்கு முன்பு நடந்தது போலவே இங்கும் முதலும் இயந்திரமும் முதலில் வந்திருக்கின்றன. பெண்கள் கூடைக்கணக்கில் எடுக்கத் தனி ஏல நேரம், சின்ன வியாபாரிக்கு ஐஸ் பெட்டி, கழிப்பறை, விடிவதற்கு முன் மார்க்கெட்டுக்குக் கூடையோடு ஏற்றிச் செல்லும் வண்டி, தண்டலுக்குப் பதிலாகக் கூட்டுறவுக் கடன் ஆகியவை மீனவப் பெண்கள் பல காலமாகக் கேட்டுவருபவை. துறைமுகத்தின் ஏல நேரமும் கூடத்தின் இடமும் பழக்கத்தில் இறுகிப் போவதற்கு முன்பே இவற்றுக்கு வழி செய்ய வேண்டும். அதற்கான காலம் இதுதான்.